பல் கிளினிக் தொடங்கும் முன்: சுவரில் மாட்டுவதும் சிங்க்கில் நடப்பதும்

"நாமக்கல் பக்கம் ஒரு சிற்றூரில் ஒரே ஒரு சேர் போட்டு பல் கிளினிக் தொடங்கப்போகிறேன். பி.டி.எஸ். முடித்து இரண்டு வருடம் வேறொரு டாக்டரிடம் வேலை பார்த்தேன். என்னென்ன அனுமதி வாங்க வேண்டும்? ஸ்டெரிலைசேஷனுக்குக் குறைந்தபட்சம் எதெல்லாம் இருந்தாக வேண்டும்? எல்லா லைசென்ஸையும் முடித்துத் தருகிறேன் என்று ஒருவர் மொத்தமாக ஒரு தொகை கேட்கிறார், கொடுக்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உள்வேலை இன்னும் முடியவில்லை, அடுத்த மாதம்தான் திறப்பு என்றும் சொல்கிறீர்கள். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் கேட்டது நல்லதாகப் போயிற்று. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அந்தத் தொகை. கொடுக்காதீர்கள். அவர் ஏமாற்றுவார் என்பதற்காகச் சொல்லவில்லை. அந்த விண்ணப்பங்களை நீங்களே உட்கார்ந்து நிரப்பினால்தான் உங்கள் கிளினிக்கிடம் சட்டம் என்ன கேட்கிறது என்பது உங்கள் மண்டையில் ஏறும். அவர் நிரப்பித் தந்தால் ஃப்ரேம் போட்டு மாட்ட ஒரு காகிதம் கிடைக்கும், அவ்வளவுதான். மூன்று நான்கு மாலை நேரம் செலவாகும். பெரும்பாலானவை இணையத்திலேயே முடிகிற வேலை.

காகிதங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாநில டென்டல் கவுன்சிலில் உங்கள் பெயர் பதிவாகி, புதுப்பிப்பு நடப்பில் இருக்க வேண்டும். 1948ஆம் ஆண்டுப் பல் மருத்துவர் சட்டத்தின் இடத்துக்கு 2023இல் தேசிய பல் மருத்துவ ஆணையச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. எந்த அமைப்பின் பெயரில் சான்றிதழ் வந்தாலும், பதிவில்லாமல் வாய்க்குள் கை வைக்கக் கூடாது என்பதில் மாற்றமில்லை. அடுத்தது இடத்துக்கான பதிவு. தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. இருபது வருடம் ஏட்டளவில் கிடந்து, 2018இல் விதிகள் வந்த பிறகுதான் உயிர் பெற்றது. மாவட்டத்தில் மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகம் இதைப் பார்க்கிறது. மூன்றாவது, மருத்துவக் கழிவுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம், அதோடு கழிவை எடுத்துச்செல்லும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துடன் ஒப்பந்தம். நான்காவது, எக்ஸ்-ரே வைத்தால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் பதிவு. ஒரு சின்னப் பல் எக்ஸ்-ரே மெஷினுக்கு அணுசக்தி வாரியமா என்று எல்லாரும் சிரிப்பார்கள். ஆமாம், அதேதான். தாடை முழுவதையும் ஒரே படமாக எடுக்கும் ஓ.பி.ஜி., முப்பரிமாணப் படம் எடுக்கும் சி.பி.சி.டி. எல்லாம் அதன் கீழ்தான் வருகின்றன. இவை போக உள்ளாட்சியின் வழக்கமான உரிமம், தீயணைப்பான்.

இவ்வளவும் வாங்கி வரிசையாக மாட்டிய ஒரு கிளினிக்கில்கூட நோயாளி செத்துப்போகலாம். இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

2022, 2023 வாக்கில் வட தமிழ்நாட்டில் ஒரு விநோதமான மூளைத் தொற்று வந்தது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் நரம்பியல் மருத்துவர்கள் அதைக் கவனித்தார்கள். காய்ச்சல், தலைவலி, சிலருக்கு முக வீக்கம், பிறகு மூளை பாதிப்பு. மெலியாய்டோசிஸ் என்பது நோயின் பெயர். மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் பர்க்கோல்டேரியா சூடோமாலை என்ற பாக்டீரியாவால் வருகிறது. வயலில் இறங்கி வேலை செய்கிறவர்களுக்கு, அதிலும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு, மழைக்காலத்தில் வருவதுண்டு. ஆனால் இப்படி மூளைத் தொற்று வந்த 21 பேரில் 10 பேருக்கு ஒரு பொதுவான விஷயம் இருந்தது. வாணியம்பாடியில் ஒரே பல் கிளினிக்குக்கு அவர்கள் போயிருந்தார்கள். அந்தப் பத்துப் பேரில் எட்டுப் பேர் இறந்தார்கள். மற்ற பதினொருவரில் இறந்தவர் ஒருவர்தான்.

சி.எம்.சி., இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை எல்லாம் சேர்ந்து தேடியபோது கடைசியில் எங்கே போய் நின்றது தெரியுமா? ஒரு சலைன் பாட்டிலில். பாட்டிலின் வாயை பெரியாஸ்டியல் எலிவேட்டரால் குத்தித் திறந்திருக்கிறார்கள். நாம் ஈறை எலும்பிலிருந்து விலக்கப் பயன்படுத்துகிறோமே, அதேதான். பிறகு பஞ்சை வைத்து லேசாக அடைத்துவிட்டு, அதே சலைனை அடுத்தடுத்த நோயாளிகளுக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள். 2025இல் லான்செட் குழும இதழ் ஒன்றில் ஆய்வு வெளியானபோது செய்தித்தாள்களிலும் வந்தது. படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம், நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்த காலத்தில் எங்கள் மேஜையிலும் ஒரு அரை லிட்டர் சலைன் பாட்டில் திறந்தபடி இருந்தது. காலையில் திறந்தால் சாயங்காலம் வரை ஓடும், சில நாள் மறுநாளும் ஓடும். அதை யாரும் தப்பு என்று நினைத்ததில்லை.

அந்தச் சம்பவத்தில் இன்னொன்றைக் கவனியுங்கள். நோயாளிகள் திரும்பிப் பல் டாக்டரிடம் போகவில்லை. நரம்பியல் வார்டுக்குப் போனார்கள். பல் பிடுங்கிய இடம் ஆறிப்போயிருக்கும், பல் டாக்டர் தன் வேலை சரியாக முடிந்தது என்றே நினைத்திருப்பார். நம் தொழிலின் பெரிய ஆபத்து இதுதான். நாம் செய்யும் தவறு நம்மிடம் திரும்பி வராது. ஹெபடைட்டிஸ் பி ஒருவருக்கு நம் கிளினிக்கிலிருந்து தொற்றினால் மஞ்சள் காமாலையாக வெளிப்பட மாதக்கணக்கில் ஆகும், அவர் கீழாநெல்லி தேடிப் போவாரே தவிர நம்மை நினைக்க மாட்டார். "இருபது வருஷமா இப்படித்தான் பண்றேன், ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆனதில்ல" என்று சீனியர் டாக்டர்கள் சொல்வார்கள். அவர்களுக்குத் தெரிய வழியே இல்லை என்பதுதான் உண்மை. ஆகவே கிளினிக்கில் எதை வைப்பது, எதை விடுவது என்று குழப்பம் வரும்போதெல்லாம், "இது தவறினால் எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். அதைக் காட்டிக்கொடுக்கும் ஏற்பாடு எதுவோ, அதற்கு முதலில் பணம் செலவழியுங்கள்.

சலைன் விஷயத்தை இங்கேயே முடித்துவிடுகிறேன். ஈறைத் திறந்து செய்யும் எந்த வேலைக்கும் 100 மில்லி பாட்டில் வாங்குங்கள். ஒரு நோயாளிக்கு ஒன்று, மிச்சம் சிங்க்கில். இரண்டு டீ குடிக்கிற செலவுதான். ஊசி போடும் மருந்திலும் இதே கதை இருக்கிறது. நம் ஊரில் ஒரு தடவைக்கான கார்ட்ரிட்ஜைவிட, மரத்துப்போக வைக்கும் லிக்னோகெய்னின் 30 மில்லி குப்பி (வயல்)தான் அதிகம் ஓடுகிறது. அதன் ரப்பர் மூடியில் ஒரு நீடிலை நிரந்தரமாகக் குத்தி வைத்துவிட்டு, சிரிஞ்சை மட்டும் மாற்றி மாற்றி உறிஞ்சும் பழக்கம் உங்களுக்கும் பார்த்துத் தெரிந்திருக்கும். அந்த நீடில் மருந்துக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே திறந்து கிடக்கும் வாசல். ஒவ்வொரு முறையும் புது நீடில், புது சிரிஞ்ச். ஒரு நோயாளிக்கே இரண்டாவது முறை மருந்து ஏற்ற வேண்டியிருந்தாலும் பயன்படுத்திய நீடில் வயலுக்குள் போகக் கூடாது. திறந்த தேதியை மார்க்கரால் எழுதுங்கள், 28 நாள் தாண்டினால் மருந்து மிச்சமிருந்தாலும் தூக்கிப் போடுங்கள்.

அடுத்து ஆட்டோகிளேவ், அதாவது அழுத்தமான நீராவியில் கருவிகளின் கிருமியைக் கொல்லும் மெஷின். நீங்கள் கேட்ட "குறைந்தபட்சம்" இங்கேதான் இருக்கிறது.

ஏர்ல் ஸ்பால்டிங் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1968இல் கருவிகளை மூன்றாகப் பிரித்தார். திசுவைக் கிழித்து உள்ளே போவது, வாயின் ஈரமான தோலைத் தொடுவது, வெறும் தோலை மட்டும் தொடுவது. முதல் இரண்டில் வெப்பம் தாங்குகிற எல்லாமே ஆட்டோகிளேவுக்குள் போக வேண்டும். ஃபோர்செப்ஸ், எலிவேட்டர், ஸ்கேலர் டிப், ஃபைல், பர், மவுத் மிரர், பல்லைக் குடையும் ஹேண்ட்பீஸ் எல்லாம்தான். கொதிக்கும் நீர் 100 டிகிரிதான், பாக்டீரியா தன்னைக் காத்துக்கொள்ள எடுக்கும் கெட்டியான உறக்க வடிவமான ஸ்போருக்கு அது வெந்நீர்க் குளியல். க்ளூட்டரால்டிஹைடு என்ற கிருமிநாசினியில் ஊறவைத்து ஸ்டெரைல் ஆக்க வேண்டுமென்றால் பத்து மணி நேரம் போட வேண்டும், எல்லாரும் போடுவது பத்து நிமிடம். நீல விளக்கு எரியும் யு.வி. பெட்டி இருக்கிறதே, அதைக் கண்டால் நோயாளிகளுக்கு ஒரு நம்பிக்கை வருகிறது. ஆனால் அது ஏற்கெனவே சுத்தமான கருவியை வைத்திருக்கும் அலமாரி மட்டும்தான். ஒளி படாத பக்கத்தில் எதுவும் சாகாது. ஃபோர்செப்ஸின் இடுக்குக்குள் ஒளி எப்படிப் போகும்?

மெஷின் வாங்கும்போது கடைக்காரர் 'என்' (N) கிளாஸ், 'பி' (B) கிளாஸ் என்பார். வித்தியாசம் புரிய இட்லிச் சட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆவி சுற்றிவர இடமில்லாமல் தட்டுகளை நெருக்கி அடைத்தால் ஓர இட்லி வெந்திருக்கும், நடு இட்லி மாவாக இருக்கும். கருவிக்குள்ளும், கருவியைப் போட்டு ஒட்டும் பவுச் என்ற உறைக்குள்ளும் காற்று சிக்கிக்கொண்டால் ஆவி அங்கே போய்ச் சேராது. 'என்' கிளாஸ் மெஷின் காற்றைத் தள்ளி வெளியேற்றப் பார்க்கும், பேக் செய்யாத திடமான கருவிக்கு அது போதும். பி கிளாஸில் வேக்குவம் பம்ப் இருக்கிறது, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு ஆவியை விடும். ஹேண்ட்பீஸ் மாதிரி உள்ளே குழாய் ஓடுகிற கருவிக்கும் பவுச் போட்ட கருவிக்கும் அதுதான் நம்பகமானது. விலை அதிகம். டென்டல் சேரில் கொஞ்சம் குறைத்துக்கொண்டாவது இதை வாங்குங்கள். சேரின் தையலை நோயாளி பார்ப்பார், ஆட்டோகிளேவைப் பார்க்க மாட்டார், அதனால்தான் எல்லாரும் தலைகீழாகச் செலவழிக்கிறார்கள்.

என் கதையைச் சொல்கிறேன். என்னிடம் முதலில் இருந்தது குக்கர் மாதிரியான ஆட்டோகிளேவ். 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தம், 15 நிமிடம். கருவிகளை வெறுமனே தட்டில் போட்டு வைப்போம், அதற்கு அந்த நேரம் சரி. பிறகு கருவியை பவுச்சில் போடும் வழக்கத்துக்கு மாறினோம். நேரத்தை மாற்ற மறந்துவிட்டேன். பேக் செய்த கருவிக்கு அதே 121 டிகிரியில் 30 நிமிடம் வேண்டும். போதாக்குறைக்கு பவுச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கப் போட்டு அடைத்திருந்தோம். வெளியே ஒட்டிய இண்டிகேட்டர் டேப் அழகாகக் கறுத்திருந்தது. மனத் திருப்தியோடு இருந்தேன். அந்த மாதம் பரிசோதனைக்கு அனுப்பிய ஸ்போர் ஸ்ட்ரிப்பில் பாக்டீரியா வளர்ந்துவிட்டது என்று லேபிலிருந்து போன் வந்தது.

டேப் கறுத்தால் அது சூட்டைப் பார்த்தது என்றுதான் அர்த்தம். உள்ளே எதுவும் செத்ததா என்று அதற்குத் தெரியாது. அதைச் சொல்வது ஸ்போர் சோதனை மட்டுமே. ஜியோபேசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ் என்ற, சூட்டை எளிதில் விட்டுக்கொடுக்காத பாக்டீரியாவின் ஸ்போர்கள் அந்தக் காகிதத் துண்டில் இருக்கும். கருவிகளோடு உள்ளே வைத்து எடுத்து, பிறகு வளர்த்துப் பார்ப்பார்கள். அது செத்திருந்தால் மற்றதெல்லாம் செத்தது. வாரம் ஒரு முறை செய்வது உலக வழக்கம். நான் மாதம் ஒரு முறைதான் செய்துகொண்டிருந்தேன், அதனால் எந்த நாளிலிருந்து தவறியது என்றே சொல்ல முடியவில்லை. அந்த மாதம் பார்த்த நோயாளிகளின் பெயர்களை ரெஜிஸ்டரிலிருந்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்னும் நினைவிருக்கிறது. யாருக்கும் எதுவும் வரவில்லை. வந்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது என்று மேலே சொன்னேனே, அதை அன்றைக்குத்தான் உணர்ந்தேன். இப்போது வாரா வாரம்.

நம் ஊருக்கென்று இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன, எந்த வெளிநாட்டு வழிகாட்டியிலும் இருக்காது. ஆட்டோகிளேவின் சைக்கிள், அதாவது ஒரு முழுச் சுற்று, ஓடும்போது கரண்ட் போகும். வீட்டு இன்வெர்ட்டர் ஆட்டோகிளேவைத் தாங்காது. கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரக் கூடாது, முதலிலிருந்து ஓட்ட வேண்டும். இதை அசிஸ்டென்டிடம் எழுதியே கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் "பாதி முடிஞ்சிருச்சு சார், மீதி அஞ்சு நிமிஷம் வெச்சேன்" என்பார். இன்னொன்று போர் தண்ணீர். உப்புப் படிந்து வால்வு அடைத்துக்கொள்ளும். டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள்.

ஆட்டோகிளேவுக்கு முன்னால் கழுவுதல் இருக்கிறது. ரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தால் ஆவி அதற்கடியில் போகாது. பயன்படுத்தியதும் ஊறவையுங்கள், முடிந்தால் அல்ட்ராசோனிக் க்ளீனரில் போடுங்கள், பிறகு கழுவி, காயவைத்து, பவுச். இந்த வேலையை மெல்லிய பரிசோதனைக் கையுறையோடு செய்ய விடாதீர்கள். தடித்த ரப்பர் கையுறை வேண்டும். ஊசிக் குத்து சேரில் நடப்பதைவிட சிங்க்கில்தான் அதிகம் நடப்பதாக என் அனுபவம்.

ஹேண்ட்பீஸ் எத்தனை வாங்குவது என்று கணக்குப் போடுங்கள். சிற்றூர்க் கிளினிக்கில் கூட்டம் மாலை ஐந்திலிருந்து ஒன்பது வரை. எட்டுப் பேர் வந்தால் ஐந்து பேருக்காவது ஹேண்ட்பீஸ் வேண்டியிருக்கும். கழுவி, எண்ணெய் விட்டு, பவுச் போட்டு, சைக்கிள் ஓடி, காய்ந்து, ஆறி வர ஒரு மணி நேரம் ஆகிவிடும். ஆக, நாலைந்து ஹேண்ட்பீஸ் இல்லாமல் ஒரு கிளினிக்கால் நேர்மையாக நடக்க முடியாது. இரண்டே ஹேண்ட்பீஸ் வைத்துக்கொண்டு மாலையில் எட்டுப் பேரைப் பார்க்கும் டாக்டர் ஒவ்வொரு தடவையும் ஸ்டெரிலைஸ் செய்கிறேன் என்று சொன்னால், அவர் சொல்வது கணக்கில் வருவது கஷ்டம். பெரும்பாலும் ஸ்பிரிட்டால் துடைத்து அடுத்தவர் வாயில் வைக்கிறார். ஹேண்ட்பீஸ் நிற்கும்போது ஒரு நொடி உள்ளிழுக்கும், எச்சிலும் ரத்தமும் டர்பைனுக்குள் போகும். வெளியே துடைப்பதால் அது போகாது.

அந்த ஹேண்ட்பீஸ் வழியாக வரும் தண்ணீரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. டென்டல் யூனிட்டின் குழாய் மெல்லியது, இரவெல்லாம் தண்ணீர் தேங்கி நிற்கும், உள்சுவரில் பாசி போல பாக்டீரியாப் படலம் வளரும். 2011இல் இத்தாலியில் 82 வயது மூதாட்டி ஒருவர், தண்ணீரில் வளரும் கிருமியால் வரும் லெஜியனேர்ஸ் என்ற நுரையீரல் நோயால் இறந்தார். தேடியபோது பல் மருத்துவ யூனிட்டின் தண்ணீரில் அதே கிருமி இருந்தது. 2016இல் அமெரிக்காவில் அனஹைம் என்ற ஊரில் பால்பல்லுக்கு பல்பாட்டமி (பல்லுக்குள் இருக்கும் நரம்புச் சதையின் மேல்பகுதியை எடுக்கும் சிகிச்சை) செய்துகொண்ட குழந்தைகள் பலருக்குத் தாடை எலும்பு வரை தொற்று போனது. காரணம் அதே தண்ணீர்க் குழாயில் வளர்ந்த மைக்கோபாக்டீரியம் அப்செசஸ். மாடித் தொட்டித் தண்ணீரை நேராக யூனிட்டுக்கு இணைக்காதீர்கள். தனி பாட்டில் உள்ள யூனிட் கேளுங்கள், நல்ல தண்ணீர் ஊற்றுங்கள், உற்பத்தியாளர் சொல்லும் மருந்தை முறையாகக் குழாயில் ஓடவிடுங்கள். நோயாளிக்கு நோயாளி 20 முதல் 30 நொடி தண்ணீரை ஓட்டிவிடுங்கள். மில்லி லிட்டருக்கு 500 பாக்டீரியாக் கூட்டத்துக்குமேல் இருக்கக் கூடாது என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்லும் அளவு. வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை லேபில் கொடுத்துப் பாருங்கள். எலும்பைத் திறந்தால் யூனிட் தண்ணீரே வேண்டாம், ஸ்டெரைல் சலைன்தான்.

கழிவுக்கு வருவோம். 2016ஆம் ஆண்டு விதிகளின்படி நான்கு நிறம். ரத்தம் தோய்ந்த பஞ்சு, பிடுங்கிய பல், காலாவதி மருந்து மஞ்சள் பைக்கு. கையுறை, சக்ஷன் டிப், நீடில் நீக்கிய சிரிஞ்ச் சிவப்புக்கு. நீடில், பிளேடு, உடைந்த ஃபைல், பர் எல்லாம் குத்தினாலும் துளைக்காத வெள்ளை டப்பாவுக்கு. கண்ணாடி வயல் நீலத்துக்கு. ரத்தக் கழிவை 48 மணி நேரத்துக்குமேல் வைத்திருக்கக் கூடாது. பைகளில் பார்கோடு ஒட்ட வேண்டும், ஆண்டு அறிக்கையை ஜூன் 30க்குள் அனுப்ப வேண்டும். படுக்கை இல்லாத கிளினிக்குக்கு அங்கீகாரம் ஒரு முறை வாங்கினால் போதும், ஆனால் அறிக்கை ஒவ்வொரு வருடமும். சிற்றூரில் வண்டி ஒழுங்காக வராதது நிஜமான பிரச்சினை. ஒப்பந்தம் போடும்போதே உங்கள் தெருவுக்கு எந்தெந்தக் கிழமை வருவார்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். வரவில்லை என்றால் தேதி போட்டு மெயில் அனுப்புங்கள். மஞ்சள் பை பேரூராட்சிக் குப்பை வண்டியில் போய்விட்டால் நாளை பிடிபடுவது உங்கள் பெயர்தான்.

இதில் பல பேர் தவறுவது பிடுங்கிய பல்லில். அந்தப் பல்லில் பழைய வெள்ளி அடைப்பு, அதாவது பாதரசம் கலந்த அமால்கம், இருந்தால் அதை மஞ்சள் பையில் போடாதீர்கள். மஞ்சள் எரியூட்டிக்குப் போகிறது. அமால்கம் எரிந்தால் பாதரச ஆவி ஊர்க் காற்றில் கலக்கும். காற்றுப் புகாத டப்பாவில் தனியே சேர்த்து வையுங்கள். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா ஒப்பந்தத்தில் இந்தியா 2018இலேயே சேர்ந்துவிட்டது. 2034க்குள் பல் அமால்கத்தை உலகம் முழுக்க நிறுத்துவதென்று 2025 நவம்பரில் அந்த நாடுகள் முடிவெடுத்தன. புதிதாகத் தொடங்கும் நீங்கள் அமால்கமே வாங்காமல் விட்டுவிடலாம்.

எக்ஸ்-ரே மெஷின் வாங்கும் முன், அந்த மாடலுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் ஒப்புதல் உண்டா என்று அவர்களின் இலோரா தளத்தில் பாருங்கள். கண்காட்சியில் கேமரா மாதிரி கையில் பிடித்துக் காட்டும் மெஷின்களைப் பார்த்து மயங்காதீர்கள், ஒப்புதல் இல்லாததை வாங்கினால் பதிவே நடக்காது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை தர சோதனை செய்ய வேண்டும். இதுவும் கண்ணுக்குத் தெரியாத தவறைக் காட்டிக்கொடுக்கும் ஏற்பாடுதான், வெறும் சடங்காகப் பார்க்காதீர்கள். எடுக்கும்போது இரண்டு மீட்டர் தள்ளி, கதிர் போகும் பாதையிலிருந்து விலகி நில்லுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், நோயாளியின் வாயில் சென்சாரை உங்கள் விரலாலோ அசிஸ்டென்ட் விரலாலோ பிடித்துக்கொண்டு எடுக்காதீர்கள். அந்தக் காலத்துப் பல் டாக்டர்கள் பலர் அதே விரலில் புற்றோடு போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். ஹோல்டர் வாங்கிப் போடுங்கள். ஈய ஏப்ரன் இனித் தேவையில்லை என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2024இல் சொன்னதைக் காட்டி யாராவது வாதாடுவார்கள். அது நவீன டிஜிட்டல் கருவியும், சரியாகக் குவிக்கப்பட்ட கதிரும் உள்ள இடத்துக்குச் சொன்னது. நம் விதிகள் கேட்கும்வரை ஏப்ரன் போடுங்கள், போடுவதில் என்ன குறைந்துவிடப்போகிறது.

உங்கள் அசிஸ்டென்ட். பெரும்பாலும் பன்னிரண்டாவது முடித்த பக்கத்துத் தெருப் பெண்ணாக இருப்பார். அவருக்கு வேலை சொல்லிக் கொடுப்பதற்கு முன் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போடுங்கள், உங்கள் செலவில். முதல் நாள், ஒரு மாதம், ஆறாம் மாதம் என்று மூன்று டோஸ். மூன்றும் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் ஆன்டிபாடி அளவு பாருங்கள், மில்லி லிட்டருக்கு 10 மில்லி யூனிட்டாவது (mIU) இருந்தால்தான் பாதுகாப்பு. ஊசி போட்டுவிட்டோம் என்று விட்டுவிட்டால், சிலருக்கு உடம்பு எதிர்ப்பைக் காட்டியிருக்காது, அதுவும் வெளியே தெரியாது. கிருமி உள்ள நோயாளிக்குப் போட்ட நீடில் குத்தினால், தடுப்பூசி இல்லாதவருக்கு ஒரு குத்தில் ஹெபடைட்டிஸ் பி தொற்ற நூற்றுக்கு 6 முதல் 30 வரை வாய்ப்பு, எச்.ஐ.வி.க்கு ஆயிரத்துக்கு மூன்று. எல்லாரும் பயப்படுவது இரண்டாவதைப் பார்த்து.

நீடிலுக்கு மறுபடி மூடி போடாதே என்று பொது மருத்துவத்தில் சொல்வார்கள். நாம் ஒரே நோயாளிக்குத் திரும்ப ஊசி போட வேண்டியிருக்கும், அதனால் மூடி ட்ரேயில் கிடக்கட்டும், ஒற்றைக் கையால் நீடிலை அதற்குள் நுழைத்து எடுங்கள். இரண்டாவது கை அங்கே வரவே கூடாது. குத்திவிட்டால் பிதுக்காமல், சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை, 28 நாள் சாப்பிட வேண்டும். அந்த மருத்துவமனையின் எண் சிங்க்குக்கு மேலே ஒட்டியிருக்கட்டும். சொன்னால் டாக்டர் திட்டுவார் என்று குத்தை மறைக்கும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். முதல் நாளே சொல்லிவிடுங்கள், குத்தியதற்குத் திட்டு கிடையாது, சொல்லாமல் விட்டதற்குத்தான்.

அவசர மருந்துகள் பற்றி நீட்ட வேண்டாம். ஆக்சிஜன், அட்ரினலின், ஆஸ்பிரின், குளுக்கோஸ், சால்புட்டமால் இன்ஹேலர், ரத்த அழுத்தக் கருவி. காலாவதித் தேதிகளை மாதம் ஒரு முறை பாருங்கள், பயன்படாத மருந்துதான் சத்தமில்லாமல் காலாவதியாகும். ஒவ்வாமை வந்து மூச்சு முட்டினால், பெரியவர்களுக்குத் தொடையில் அட்ரினலின் அரை மில்லிகிராம், தயங்காமல். சர்க்கரை, இதய ஸ்டென்ட், ரத்தம் உறையாமல் போடும் மாத்திரை, எலும்புத் தேய்வுக்கு போடும் ஊசி, இவற்றைக் கேட்டு எழுதாமல் பல்லைத் தொடாதீர்கள். "சும்மா ஒரு பல்லுதானே" என்று நோயாளி சொல்ல மறப்பார்.

ஒப்புதல் படிவம் தமிழில் இருக்கட்டும். மருத்துவர்கள் நுகர்வோர் சட்டத்தின் கீழ் வருவார்கள் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சாந்தா வழக்கில் சொல்லிவிட்டது. ஒரு சிகிச்சைக்கு வாங்கிய ஒப்புதல் இன்னொன்றுக்கு ஆகாது என்று 2008இல் சமீரா கோஹ்லி வழக்கில் சொன்னது. ரூட் கேனாலுக்குச் சம்மதித்தவருக்கு, பல் உடைந்தது என்று நீங்களே முடிவெடுத்துப் பிடுங்கிவிட முடியாது. நிறுத்தி, காட்டி, கேட்டு, எழுதி வாங்குங்கள். இம்ப்ளான்ட் வைத்தால் அதன் ஸ்டிக்கரை நோயாளியின் அட்டையிலும் உங்கள் ரெஜிஸ்டரிலும் ஒட்டுங்கள். ஆட்டோகிளேவ் சைக்கிளுக்கும் ஒரு நோட்டு போடுங்கள். தேதி, எத்தனையாவது சைக்கிள், யார் ஓட்டியது என்று எழுதி, பவுச்சிலும் அதே எண்ணை எழுதினால், ஸ்போர் சோதனை தவறிய நாளில் யார் யாரைக் கூப்பிட வேண்டும் என்று என்னைப் போல ஒரு மாதப் பட்டியலை எழுதிக்கொண்டு உட்கார வேண்டியிருக்காது.

டைல்ஸ் விஷயம். கருவி ஒரே திசையில் நடக்க வேண்டும். சேரிலிருந்து வரும் அழுக்கு ட்ரே ஒரு பக்கம் நுழைந்து, ஊறல் தொட்டி, கழுவும் சிங்க், காயவைக்கும் இடம், பேக்கிங், ஆட்டோகிளேவ், அலமாரி என்று ஒரே வரிசையில் போய் மறுபக்கம் வெளியே வர வேண்டும். பெரும்பாலான கிளினிக்கில் கட்டட வேலைக்காரர் சிங்க்கை நடுவில் வைத்துவிடுகிறார், பிறகு சுத்தமான பவுச்சும் ரத்த ட்ரேயும் ஒரே மேடையில் உரசிக்கொண்டு போகும், எவ்வளவு சொன்னாலும் நிற்காது. எட்டடி நீளமாவது ஒரு மேடை விடுங்கள். இடது ஓரத்தில் ஆழமான சிங்க், குழாயை முழங்கையால் திருப்பும்படி வையுங்கள். கைகழுவ வேறொரு சிங்க், அதில் கருவி கழுவவே கூடாது. வலது ஓரத்தில் ஆட்டோகிளேவுக்கு 16 ஆம்பியர் பிளக், தனி வயர் இழுத்து. யூனிட்டுக்குப் போகும் தண்ணீர் பைப்பைத் தொட்டியோடு இணைக்க பிளம்பர் அவசரப்படுவார், அதை இப்போதே நிறுத்திச் சொல்லிவிடுங்கள்.